எண்ணூற்று ஆறாம் பக்கம்

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில்
டீக்கடைக்கும் நோட்டரிக்கும் நடுவே என் ஜெராக்ஸ் கடை.
பட்டா, பாகப்பிரிவினை, ஜாமீன், விவாகரத்து
எல்லாம் இங்கே ஒரே விலை:
பக்கத்துக்கு எழுபத்தைந்து பைசா.

குமுதவல்லி வக்கீல் அட்டைப்பெட்டியோடு வந்தார்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஐந்து பிரதி.
ராத்திரி பஸ்ஸில் மெட்ராஸ் போகணும், ஹைகோர்ட்டில் ரிட்.
மனுதாரர் அஞ்சலாட்சி.
மாசியில் ஒரு ராத்திரி ஆலைப் புகை தொண்டையைப் பிடிக்க
சிப்காட் சாலையில் காலிக் குடத்தோடு உட்கார்ந்தவள்.

உட்கார்ந்தது அறுபது பேர்.
போலீஸ் கேட்டு வாங்கியது
மூன்று டவர், ஏழு மணி நேரம்,
அதற்குள் மூச்சுவிட்ட நாற்பத்தோராயிரம் எண்கள்.
லாரி டிரைவர், பிரசவ வார்டு நர்ஸ்,
துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றப் போனவன்,
யாரிடமும் பேசாமல் அலாரத்துக்காக மட்டும்
தலைமாட்டில் போனை வைத்துப் படுத்தவர்கள்கூட.
எல்லாரையும் குற்றப்பத்திரிகையோடு கட்டி
நூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பேச்சை யாரும் கேட்கவில்லை என்பது அரசின் பதில்.
எண்கள் மட்டும்தானாம்.
யார், யாருக்கு, எங்கிருந்து, எத்தனை வினாடி.
அவ்வளவுதானாம்.

எண்ணூற்று ஆறில் என் எண் இருந்தது.
கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பெயரைத் தேடுகிற
பழக்கத்தில் விரல் தானாக நின்றுவிட்டது.

பதினொன்று நாற்பதிலிருந்து ஒரே எண்ணுக்கு ஆறு முறை.
நாலு வினாடி, மூன்று வினாடி, மறுபடி மூன்று:
எடுத்து எடுத்து வைத்திருக்கிறான்.
பன்னிரண்டு ஐந்துக்கு ஐம்பத்திரண்டு வினாடி.
அப்புறம் விடியும்வரை
என் எண் யாரையும் கூப்பிடவில்லை.

பேச்சு எதற்கு?
அந்த ஐம்பத்திரண்டு வினாடியில் என்ன நடந்திருக்கும் என்று
கல்யாணமாகாத எஸ்.ஐ.க்குக்கூடப் புரியும்.

ஒன்று மட்டும் எனக்கே இன்றுதான் தெரிந்தது.
நெய்வேலியில் நைட் ஷிப்ட் என்றானே,
அவன் எண்ணுக்கும் அதே டவர்.
நடந்தால் பத்து நிமிஷம்.

தேட ஆரம்பித்தேன்.
அவன் அன்றைக்கு வேறு யாரைக் கூப்பிட்டான்,
எத்தனை வினாடி, அவள் எந்த டவர்.
மெஷின் சும்மா சூடாகிக்கொண்டிருந்தது.
அறுபது பக்கம் தள்ளியபிறகு உறைத்தது,
யூனிபார்ம் போடாமலே
அதே வேலையைத்தான் நானும் பார்க்கிறேன் என்று.

ஜெராக்ஸில் ஒரு நல்ல விஷயம்,
தாளைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.
வெளிச்சம் படிக்கும்,
நான் தாளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.
மீதியை அப்படியே முடித்தேன்.
எண்ணூற்று ஆறு ஐந்தாவது பிரதியில் சிக்கிக்கொண்டது.
கொசுவம் மாதிரி மடிந்துபோனதை
உருவி எடுத்து மேஜைக்கடியில் போட்டேன்.
மொத்தம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.
ரவுண்டாக ஐயாயிரம் தந்தார், மீதியை நான் தரவில்லை.

விசாரணை நாலு நிமிஷமாம்.
"இத்தனை ஆயிரம் பேரில் குறை சொல்வது
மனுதாரர் ஒருவர்தானா?" என்று நீதிபதி கேட்டாராம்.
"மற்றவர்களுக்குத் தெரிந்தால்தானே, மை லார்ட்" என்றாராம் இவர்.
நாலு வாரம் தள்ளிவைப்பு.
அஞ்சலாட்சிக்கு அன்றைய கூலி போனது.
ஊரில் நாற்றம் அப்படியேதான் இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை பாவாடை அண்ணன் வந்தார்.
சில்வர் பீச்சில் கடலை விற்கிறவர்,
கழிந்த தாளெல்லாம் அவருக்குத்தான் போடுவேன்.

"இன்னிக்கு இல்லண்ணே."
"அடியில அவ்வளவு கெடக்கே?"
"அதுல ஆளுங்க இருக்காங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
நோட்டரியிடம் பழைய பேப்பர் கேட்கப் போனார்.